பத்தாயிரம் டொலர் டெமோவும் அறுபதாயிரம் ரூபா காசும்

ஃபொரெக்ஸ் படிப்பிக்கிறோம் என்று வருகிற எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "டெமோ எக்கவுண்ட் ஒண்டு திறந்து பாருங்கோ. அது ஃப்ரீ, காசு போகாது." அது உண்மைதான், டெமோவில் ஒரு சதமும் போகாது. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான். காசு போகாத இடத்தில் மூன்று மாதம் பழகிய ஒருவர், நாணய வியாபாரத்தில் காசு எந்தெந்த வழியால் போகும் என்பதைப் படிக்காமலே வெளியே வருகிறார். பிறகு சொந்தக் காசைப் போட்டு அதைப் படிக்கிறார்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இந்தக் கதை அடிபடாத வட்ஸ்அப் குழு இப்போது குறைவு. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காக இருக்கிறவை, கம்பஸ் பெடியள், வேலையோடு பக்கத்தில் ஏதாவது பார்ப்பம் என்கிறவை என்று கனபேர் டெமோவில் நிற்கினம். அவர்களைப் பகிடி பண்ண நாங்கள் இதை எழுதவில்லை. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவைத் தாங்கிப் பிடிப்பதை விட்டபோது 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்டியது. சம்பளம் அதே எண்ணில் நிற்க, மா, மண்ணெண்ணெய், பசளை எல்லாம் எங்கேயோ போனது. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை "டொலரில உழைக்க வேணும்" என்று நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை. அந்த நினைப்பை வைத்து யார் உழைக்கினம் என்பதுதான் எங்கட கேள்வி.

நாங்கள் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான்: டெமோவில் வரும் லாபத்தைப் பார்க்காதீர்கள், செலவைப் பாருங்கள். செலவை அளக்கும் தராசாக டெமோ நல்லது. திறமைக்கான சான்றிதழாக அதை நம்பினால் வீட்டுக் காசு போகும்.

ஒரு பொருளுக்கு இரண்டு விலை

நகைக்கடைக் கணக்கு எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். காலமை ஒரு பவுண் சங்கிலி வாங்கி, பின்னேரம் அதையே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கொடுத்த காசு முழுதாகத் திரும்பி வராது. அன்றைக்குத் தங்கத்தின் விலை ஒரு ரூபாகூட மாறாவிட்டாலும் நட்டம்தான். செய்கூலி, சேதாரம், கடைக்காரர் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் என்று ஒவ்வொன்றாய்க் கழியும். காசு மாற்றும் கடையின் பலகையைப் பாருங்கள். அங்கேயும் ஒரு டொலருக்கு இரண்டு விலை எழுதியிருக்கும்.

ஃபொரெக்ஸ் திரையிலும் அதேதான். யூரோ-டொலர் சோடிக்கு 1.0850, 1.0852 என்று இரண்டு எண் நிற்கும். வாங்கினால் கூடின விலைக்குத்தான் வாங்கலாம், விற்றால் குறைந்த விலைக்குத்தான் விற்கலாம். இந்த இடைவெளிக்குப் பெயர் ஸ்பிரெட். நாலாவது தசமதானத்தில் ஓர் எண் நகர்வதை ஒரு பிப் என்பார்கள். இந்த உதாரணத்தில் ஸ்பிரெட் 2 பிப். வாங்கின அந்தக் கணமே கணக்கு சிவப்பு நிறத்தில் தொடங்குவது இதனால்தான். விலை எங்கட பக்கம் 2 பிப் நகர்ந்தால்தான் பூச்சியத்துக்கு வரலாம்.

ஒரு பிப்பின் பெறுமதி எவ்வளவு என்பது எவ்வளவு பெரிய தொகையில் வியாபாரம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு முழு லொட் என்றால் 100,000 யூரோ. அதில் ஒரு பிப் 10 டொலர். 0.1 லொட்டில் ஒரு டொலர். 0.01 லொட்டில் 10 சதம். சில கணக்குகளில் ஸ்பிரெட்டை மிகக் குறைத்து, லொட்டுக்கு இவ்வளவு என்று கொமிசன் எடுப்பார்கள். உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. "ஸீரோ ஸ்பிரெட்" என்ற விளம்பரத்தைக் கண்டால், கீழே கொமிசன் என்ற சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். புரோக்கர் சும்மா வேலை செய்வதில்லை.

இதுவரைக்கும் டெமோவிலும் தெரியும். ஸ்பிரெட்டை அது காட்டும், கொமிசனையும் அநேகமாகக் காட்டும். அப்படியென்றால் டெமோவில் பிழை எங்கே?

பெரிய எண்ணுக்குள் ஒளியும் சின்னச் செலவு

டெமோ திறக்கும்போது திரையில் வரும் தொகை பெரும்பாலும் 10,000 டொலர். சிலதில் 100,000. வன்னியில் இருந்து உண்மையான கணக்குத் திறக்கிற ஒருவர் போடும் தொகை 100 டொலர், 200 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 200 டொலர் என்பது 60,000 ரூபா. பலருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூட.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஸ்பிரெட் 1.2 பிப். 0.1 லொட். ஒரு நாளைக்கு 5 வியாபாரம், மாதத்தில் 20 நாள். மொத்தம் 100 வியாபாரம். ஒவ்வொன்றுக்கும் 1.20 டொலர் செலவு. மாத முடிவில் 120 டொலர்.

10,000 டொலர் டெமோவில் அந்த 120 டொலர் என்பது 1.2 வீதம். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். லாபம் வந்த நாளில் அது தெரியாது, நட்டம் வந்த நாளில் "மார்க்கெட் சரியில்லை" என்று போய்விடும். அதே 120 டொலர் 200 டொலர் கணக்கில் 60 வீதம். ஒரு வியாபாரத்திலும் தோற்காமல், வெல்லாமல், சும்மா போய் வந்ததற்கே கணக்கில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும்.

"நாங்கள் 0.01 லொட்டில்தானே செய்வம்" என்று சொல்லலாம். சரி, அப்படியும் பார்ப்போம். மாதச் செலவு 12 டொலர். 200 டொலரில் 6 வீதம். அதாவது மாதம் 6 வீதம் லாபம் எடுத்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். எந்த வங்கியில் மாதம் 6 வீத வட்டி தருகினம்? யாராவது தருகிறோம் என்று சொன்னால் எங்கட அம்மாமாரே சந்தேகப்படுவினம். ஆனால் அந்த 6 வீதத்தை ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே கட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறோம் என்பதை ஒருவரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

200 டொலரை வைத்துக்கொண்டு 0.1 லொட் எப்படித் திறக்க முடிகிறது? லெவரேஜ். 10,000 யூரோ என்பது, மேலே சொன்ன விலையில், 10,850 டொலர் பெறுமதி. 1:500 லெவரேஜ் தருகிற புரோக்கரிடம் அதற்கு ஏறக்குறைய 22 டொலர் பிணையாக இருந்தால் போதும். ஐரோப்பாவில் இது நடக்காது. ஐரோப்பியப் பங்குச்சந்தை அதிகாரசபையான எஸ்மா, 2018 ஓகஸ்ட் 1 முதல் சாதாரண மக்களுக்கு முக்கிய நாணயச் சோடிகளில் 1:30க்கு மேல் கொடுக்கத் தடை போட்டது. அந்தக் கணக்கில் 0.1 லொட்டுக்கு 360 டொலருக்கு மேல் வேண்டும். 200 டொலர்க்காரரால் திறக்கவே ஏலாது. ஏன் தடை போட்டார்கள்? பல நாடுகளின் கணக்குகளைப் பார்த்தபோது இந்த வகை வியாபாரத்தில் சாதாரண மக்களின் கணக்குகளில் 74 முதல் 89 வீதமானவை நட்டத்தில் இருந்தன. அதனால் தங்களிடம் எத்தனை வீதமான வாடிக்கையாளர்கள் நட்டப்படுகிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே எழுதவேண்டும் என்றும் அங்கே விதி வந்தது. அதே பெயருள்ள புரோக்கர்கள் பலர் சீஷெல்ஸ், வனுவாத்து மாதிரி இடங்களில் பதிந்த இன்னொரு கம்பனி வழியாக எங்களுக்குக் கணக்குத் திறந்து தருகிறார்கள். அங்கே 1:500, 1:1000 எல்லாம் கிடைக்கும். நட்ட வீதம் எழுதிய அந்த வரி கிடைக்காது.

சொடுக்கின விலை, கிடைத்த விலை

டெமோவில் நாங்கள் கொடுக்கும் கட்டளை எந்தச் சந்தைக்கும் போவதில்லை. புரோக்கரின் சேவர் திரையில் நிற்கும் விலையைப் பார்த்து "சரி, வாங்கியாச்சு" என்று எழுதிக்கொள்ளும், அவ்வளவுதான். எதிரில் விற்கிற ஒருவர் தேவையில்லை. அதனால் பெரும்பாலும் கேட்ட விலை கிடைக்கும்.

உண்மைக் கணக்கில் சொடுக்குவதற்கும் வாங்குவதற்கும் இடையில் விலை நகரும். இதுதான் ஸ்லிப்பேஜ். அமைதியான நேரத்தில் அது ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். செய்தி வரும் நேரத்தில் பாருங்கள். அமெரிக்காவின் வேலைவாய்ப்பு அறிக்கை பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வரும். எங்கட நேரத்துக்கு அங்கத்தைய கோடைகாலத்தில் பின்னேரம் 6 மணி, குளிர்காலத்தில் இரவு 7 மணி. அந்த ஒருசில நிமிடத்தில் 1 பிப்பாக நின்ற ஸ்பிரெட் பல மடங்காக விரியும். 10 பிப்பில் நட்டத்தை நிறுத்து என்று வைத்த கட்டளை 15இலோ 20இலோ போய் நிற்கலாம். அந்த நேரம் பார்த்து சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கினால், அல்லது கரண்ட் போய் வைஃபை நின்றால், அந்தச் செலவும் எங்கட தலையில்தான்.

இதன் உச்சம் 2015 ஜனவரி 15. சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டெம்பரில் இருந்து ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அன்றைக்கு, எங்கட நேரம் பின்னேரம் 3 மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல் கையை விட்டது. நிமிடக்கணக்கில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே விழுந்தது. நட்டத்தை நிறுத்தும் கட்டளை வைத்திருந்தவர்களுக்கும் அந்த விலையில் வாங்க ஆள் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கான பிப் தள்ளித்தான் கணக்கு மூடப்பட்டது. எஃப்எக்ஸ்சிஎம் என்ற பெரிய புரோக்கரின் வாடிக்கையாளர்கள் போட்ட காசு முழுவதும் போய், மேலதிகமாக 225 மில்லியன் டொலர் கடனில் நின்றார்கள். அல்பாரியின் பிரித்தானியக் கம்பனி வங்குரோத்தானது. டெமோவில் பழகிய ஒருவருக்கு, போட்ட காசைவிடக் கூடவும் போகலாம் என்பது கனவிலும் வராது. டெமோவில் அப்படி நடந்தால் புதுக் கணக்குத் திறக்க அரை நிமிடம்.

அடுத்தது ஸ்வொப். ஒரு வியாபாரத்தை இரவு தாண்டி வைத்திருந்தால் இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசத்தைக் கணக்கில் போடுவார்கள். புரோக்கர் தன்ர பங்கையும் அதில் சேர்ப்பார். நியூயோர்க்கில் பின்னேரம் 5 மணிதான் எல்லை. எங்களுக்கு அது விடியப்புறம் 2.30, குளிர்காலத்தில் 3.30. நாங்கள் நித்திரையில் இருக்கும்போது கழியும் காசு இது. பெரும்பாலான சோடிகளில் புதன் இரவுக்கு, அதாவது எங்கட வியாழன் விடியப்புறத்துக்கு, சனி ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் கணக்கு ஒன்றாக விழும். ஸ்வொப் இல்லாத கணக்கு என்று விற்கும் இடங்களில், சில நாளுக்குப் பிறகு நிர்வாகக் கட்டணம் என்ற பெயரில் வருகிறதா என்று பாருங்கள்.

ரூபாவில் தொடங்கி ரூபாவில் முடியும் கணக்கு

டெமோவுக்கு ரூபா தெரியாது. அது டொலரில் பிறந்து டொலரிலேயே முடிகிறது. நாங்கள் ரூபாவில் தொடங்கி, கடைசியில் ரூபாவில்தான் அரிசி வாங்க வேண்டும்.

60,000 ரூபாவைக் கொடுத்து, டொலரை 306 ரூபாவுக்கு வாங்குகிறோம் என்று வைப்போம். 196 டொலர் வரும். ஒரு வியாபாரமும் செய்யாமல் அதை அப்படியே 296 ரூபாவுக்கு விற்றால் கையில் 58,000 ரூபாவளவில்தான் இருக்கும். 2,000 ரூபா போய்விட்டது. இதற்கு மேல் காசு போடும் கட்டணம், எடுக்கும் கட்டணம், நடுவில் நிற்பவரின் கொமிசன். பலர் டெதர் என்ற கிரிப்டோவை யாரோ ஒருவரிடம் வாங்கி அதன் வழியாகப் போடுகிறார்கள். கிரிப்டோ சேவை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தாங்கள் உரிமம் கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் பகிரங்கமாக எச்சரித்தது. வங்கி அட்டைகளை அதற்குப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை என்றது. அந்த வழியில் காசு நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது? கடல் கடந்து வனுவாத்துக்கா?

இன்னொரு செலவும் இருக்கு. எங்கட ஊரில் அதுதான் எல்லாவற்றிலும் பெரிது. அந்த 60,000 ரூபா எங்கே இருந்து வந்தது? அம்மாவின் சங்கிலியை அடைவு வைத்ததென்றால், அல்லது குழுக்கடனில் எடுத்ததென்றால், அதற்கு வட்டி ஓடுகிறது. ஆண்டுக்கு 24 வீதம் என்றே வைத்தாலும் மாதம் 1,200 ரூபா. மேலே சொன்ன மாதம் 6 வீதத்தோடு இந்த 2 வீதத்தையும் கூட்டுங்கள். இப்போது 8 வீதம் உழைத்தால்தான் பூச்சியம். குழுக்கடன் என்றால் பக்கத்து வீட்டு அக்காவும் பிணை. நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதற்குச் சாட்சி தேடத் தேவையில்லை. 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தபோது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தக் கடனில் இருந்து நிமிர்ந்து வந்த ஒரு வீட்டில், மகன் டெமோவில் வென்ற தைரியத்தில் இன்னொரு கடன் எடுக்கிறது என்றால் அது அவன் தனிய விளையாடுகிற விளையாட்டு இல்லை.

பாதிக்குப் பாதி வென்றால் போதாது

"பத்தில ஆறு சரியா வருது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சரி, செலவோடு சேர்த்துப் பார்ப்போம். 10 பிப் லாபம், 10 பிப் நட்டம் என்று எல்லை வைத்து விளையாடுகிறோம். செலவு 1.2 பிப். வென்றால் கைக்கு 8.8, தோற்றால் போவது 11.2. பூச்சியத்தில் நிற்கவே 100க்கு 56 தடவை வெல்ல வேண்டும். ஸ்லிப்பேஜ் சேர்ந்து செலவு 2 பிப் ஆனால் 60 தடவை. பத்தில் ஆறு சரியாக வந்தவருக்கு அப்போது கிடைக்கும் லாபம் பூச்சியம்.

எல்லையை 5 பிப்பாகச் சுருக்கினால், 1.2 பிப் செலவிலேயே 62 தடவை வெல்லவேண்டும். 50 பிப்பாக விரித்தால் 51 தடவைக்குச் சற்றுக் கூட. அதாவது, அடிக்கடி உள்ளே போய்ச் சின்ன லாபம் எடுத்துக்கொண்டு ஓடிவருவதில்தான் செலவு ஆளைக் கொல்லும். ரிக்ரொக்கில் காட்டுகிறவர்கள் அநேகமாக அதைத்தான் காட்டுகிறார்கள், ஒரு நிமிடத்தில் வாங்கி ஒரு நிமிடத்தில் விற்பதை. டெமோவில் அது நன்றாகத்தான் ஓடும். ஸ்லிப்பேஜ் இல்லாத இடத்தில் வேகம் இலவசம்.

செலவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பக்கத்து நாட்டுக் கணக்கு ஒன்று இருக்கு. அது நாணயம் இல்லை, பங்குச்சந்தையின் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்கள். ஆனாலும் அடிக்கடி வாங்கி விற்கிற அதே பழக்கம். இந்தியாவின் செபி 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 வீதமானவர்கள் நட்டப்பட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள், 1.8 லட்சம் கோடி இந்திய ரூபாவுக்கு மேல் நட்டம். கடைசி ஆண்டில் வியாபாரச் செலவாக மட்டும் ஓர் ஆள் சராசரியாக 26,000 இந்திய ரூபா கட்டியிருக்கிறார். வென்றவரும் கட்டினார், தோற்றவரும் கட்டினார். எங்கட நெல்லுச் சந்தை மாதிரித்தான். விளைச்சல் நல்லதோ கெட்டதோ, சாக்குக் கழிவும் ஏற்றுக்கூலியும் தப்பாமல் கழியும். ஒரு வித்தியாசம், விவசாயிக்கு அந்தக் கழிவு எவ்வளவு என்று விதைக்க முதலே தெரியும்.

திரையில் தெரிகிற எண்

செலவைப் பார்க்காமல் பச்சை எண்ணை மட்டும் பார்க்கிற பழக்கத்துக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. 2023இல் எம்.ரி.எஃப்.ஈ. என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேசத்திலும் பெரிய அளவில் பரவியது. செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக நாணய வியாபாரம் செய்யும், நீங்கள் காசு போட்டுவிட்டு இருந்தால் போதும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் திரையில் லாபம் ஏறியது. ஆட்களைச் சேர்த்தால் மேலதிகமாகக் கிடைத்தது. ஓகஸ்ட் மாதத்தில் காசு எடுக்க ஏலாமல் போனது. பிறகு கணக்குகளில் இருந்த எண் மறைந்து, மைனஸ் அடையாளத்தோடு கடன் காட்டியது. போட்ட காசும் போய், நீங்கள்தான் தரவேண்டும் என்றது செயலி. அதே ஆண்டில் இலங்கை மத்திய வங்கி, வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் அதன் பெயரையும் போட்டது. அந்தப் பிரிவின்படி அப்படியான திட்டத்தை நடத்துவது மட்டும் இல்லை, விளம்பரப்படுத்துவதும் குற்றம். ஆள் சேர்க்கிற மச்சானுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

இதை ஏன் டெமோக் கட்டுரையில் சொல்கிறோம்? திரையில் ஏறுகிற ஒரு எண்ணைப் பார்த்து அது காசு என்று நம்பக் கற்றுக்கொடுப்பது டெமோதான். மூன்று மாதம் அப்படிப் பழகிய கண்ணுக்கு, ஒரு பொய்ச் செயலி காட்டும் எண்ணுக்கும் உண்மைச் சந்தையின் எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிகிற ஒரே இடம் செலவு. உண்மையான வியாபாரத்தில் ஸ்பிரெட் விரியும், ஸ்வொப் கழியும், சில நாள் சிவப்பாகும். ஒவ்வொரு நாளும் பச்சை, செலவே இல்லை என்றால் அங்கே சந்தையே இல்லை என்று நினையுங்கள்.

இப்போது ஓடுகிற இன்னொன்று "ஃபண்டட் எக்கவுண்ட்". கட்டணம் கட்டிப் பரீட்சை எழுதுவது போல, குறிப்பிட்ட நாளுக்குள் இவ்வளவு லாபம் எடுத்துக் காட்டினால் பெரிய கணக்குத் தருவோம் என்பார்கள். அந்தப் பரீட்சை நடப்பது டெமோவில்தான். விதிமுறைகளைப் படித்தால் பல நிறுவனங்கள் தாங்களே அப்படி எழுதியிருப்பதைக் காணலாம். கணக்கு பொய், கட்டுகிற காசு மட்டும் மெய். ஒரு நாளைக்கு இவ்வளவு வீதத்துக்கு மேல் நட்டம் வந்தால் வெளியே என்ற விதி வேறு. தோற்றால் திரும்பவும் கட்டணம். இங்கே வியாபாரச் செலவு ஸ்பிரெட் இல்லை, அந்தக் கட்டணம்தான். எத்தனை முறை கட்டினோம் என்று கூட்டிப் பாருங்கள்.

டெமோவை வைத்து என்ன செய்யலாம்

டெமோவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த பட்டன் எதற்கு என்று படிக்க அது வேண்டும். அதோடு, சரியாகப் பாவித்தால் ஒரு சதமும் போகாமல் செலவைப் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில், டெமோத் தொகையை 10,000இல் விடாதீர்கள். உண்மையில் உங்களால் போடக்கூடிய தொகை 100 டொலர் என்றால் 100 என்றே வையுங்கள். லொட்டும் 0.01. அப்போதுதான் 12 சதத்தின் கனம் தெரியும்.

பிறகு ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் சொடுக்கிய நேரம் ஸ்பிரெட் எவ்வளவு, கொமிசன் எவ்வளவு, ஸ்வொப் எவ்வளவு என்று எழுதுங்கள். லாப நட்டத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், அதை அடிக்கடி பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஸ்லிப்பேஜுக்காக ஒரு பிப்பைக் கூடுதலாக நீங்களே கழியுங்கள். டெமோ கழிக்காததை நாங்கள் கழிக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமைச் செய்தி நேரத்திலும், விடியப்புறம் 2.30க்கும், சந்தை திறக்கும் திங்கள் விடியலிலும் ஒன்றும் வாங்காமல் ஸ்பிரெட்டை மட்டும் பார்த்து எழுதுங்கள். பகலில் நீங்கள் பார்த்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

100 வியாபாரம் முடிந்ததும் செலவுப் பக்கத்தைக் கூட்டுங்கள். ரூபா மாற்றும் நட்டத்தையும், கடன் காசு என்றால் வட்டியையும் சேருங்கள். வரும் தொகையை நீங்கள் போடவிருக்கும் தொகையால் வகுத்து வீதம் எடுங்கள். ஓ.எல். கணக்குப் போதும் இதற்கு. அந்த வீதத்தை வீட்டில் யாருக்காவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: "ஒவ்வொரு மாதமும் இவ்வளவு வீதம் கட்டித்தான் இந்த வியாபாரம் செய்யப்போறன்." சொல்ல வெட்கமாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

காசு வாங்கி வகுப்பு நடத்துகிற அண்ணைமாரிடம் எங்கட வேண்டுகோள் ஒன்று. டெமோ லாபத்தின் ஸ்கிரீன்சொட்டை அனுப்பும்போது அதற்குப் பக்கத்தில் மூன்று எண்ணையும் அனுப்புங்கள்: அந்த மாதம் ஸ்பிரெட்டும் கொமிசனும் எவ்வளவு, உங்கட சொந்தக் காசுக் கணக்கின் மாத முடிவு எவ்வளவு, நாங்கள் உங்கட இணைப்பு வழியாகக் கணக்குத் திறந்தால் எங்கட ஒவ்வொரு வியாபாரத்திலும் புரோக்கர் உங்களுக்குத் தரும் பங்கு எவ்வளவு. மூன்றாவது எண்ணைச் சொல்ல மறுக்கிறவரிடம் வகுப்புக்குப் போகாதீர்கள். அவருடைய வருமானம் எங்கட லாபத்தில் இருந்து வருவதில்லை. நாங்கள் எத்தனை தடவை சொடுக்குகிறோம் என்பதில் இருந்து வருகிறது.

மீதி முடிவு உங்கட கையில். 60,000 ரூபாவை எடுக்க முதல் அந்தக் கொப்பியை ஒருக்கால் திறந்து பாருங்கள்.